மெழுகு பூசிய குப்பி

பரீட்சைக் கூடத்தில் கடைசி விடைத்தாளையும் வாங்கிக் கட்டி ஒப்படைத்துவிட்டு குல்ஷன் தன் அறைக்குத் திரும்பியபோது மணி நாலரை. ஏப்ரல் மாத வெயில் இன்னும் ஜன்னலை விட்டுப் போகவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மைக்ராஸ்கோப்பின் உறையை எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேசை ஓரத்தில், மெழுகு பூசிய சின்னக் குப்பிக்கு அடியில் அவள் போட்டுவைத்திருந்த கண்ணாடித் தகடு வெளுத்துப் போயிருந்தது. காலையில் அதில் முகம் தெரிந்தது. இப்போது மோர் சிந்திக் காய்ந்த மாதிரி மங்கலாக இருந்தது. குனிந்து பார்த்தாள். ஒரு பக்கமாக யாரோ துணியை வைத்து இழுத்த தடம் இருந்தது. தடம் முடிகிற இடத்தில் இரண்டு விரல்கள் அழுந்திய அடையாளம்.

குப்பி தகட்டின் மேல் இல்லை. நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்பாகத்தில் ஒரு துளி ஈரம் மினுங்கியது.

நீட்டிய கையை அவள் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அது 1971. தருமபுரியில் அந்தக் கல்லூரிக்கு அவள் டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து மூன்று வருஷமாகிறது. மெட்ராஸிலிருந்த பேராசிரியர் சவுரியப்பனிடம் பதிவு செய்துகொண்டு, வேலையோடு வேலையாக டாக்டர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்கப் பயணம் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு அவள் எடுத்துக்கொண்ட பொருள் கடற்பஞ்சு என்ற கடல் பிராணி. மண்டபத்துக் கரையில் வாங்கி, மருந்திலே ஊறப்போட்டு, ஜாடிகளில் கொண்டுவந்து அடுக்கியிருந்தாள். அந்தப் பஞ்சின் சதைக்குள் சில செல்கள் வயிறு நிறைய மணிமணியாக எதையோ வைத்துக்கொண்டிருக்கும். அவை என்ன சுரக்கின்றன, எப்போது அதை வெளியே விடுகின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி.

அந்தச் செல்களைப் பார்க்க வேண்டுமானால் பஞ்சை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் கத்தியால் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவியாக வேண்டும். ஆனால் பஞ்சுக்குள் ஆயிரக்கணக்கில் கண்ணாடி ஊசிகள் உண்டு. மயிரைவிட மெல்லியவை, ஆனாலும் கண்ணாடிதான். கத்தி ஒவ்வொரு தடவையும் பல்லுப் பல்லாகப் போனது. சதையும் கிழிந்து நாராகிவிடும். செல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் தெரியும்.

போன தடவை மெட்ராஸ் போனபோது சவுரியப்பன் இந்தக் குப்பியைக் கொடுத்தார். ஹைட்ரோபுளோரிக் அமிலம். கண்ணாடியையே கரைக்கும். அதனால்தான் குப்பிக்கு உள்ளே கனமாக மெழுகு பூசியிருந்தது. இதைச் சோதனைக்கூடச் சாராயத்தில் சிறிது கலந்து பஞ்சை ஊறவைத்தால் ஊசிகள் கரைந்துபோகும், சதை மட்டும் நிற்கும்.

"ஜாக்கிரதைம்மா," என்று அவர் சொல்லியிருந்தார். "மத்த ஆசிட்டெல்லாம் பட்ட உடனே சுடும், கையை உதறிடுவோம். இது பட்டா ஒண்ணுமே தெரியாது. மெதுவா உள்ளே இறங்கும். சாயங்காலம் எலும்புக்குப் போனப்புறந்தான் வலிக்கும். அதுக்குள்ள நேரமாயிடும். என்கிட்ட படிச்ச ஒரு பையன் இப்படித்தான் கட்டைவிரலைக் குடுத்தான்."

அவர் சொன்னதெல்லாம் அவளுக்கு இப்போது வார்த்தை வார்த்தையாக நினைவு வந்தது. குப்பி பத்து நாளாக ஜன்னல் பக்கத்து மேசையில் வெயிலில்தான் இருந்தது. மெழுகு இளகி எங்கோ விலகியிருக்கிறது. கண்ணாடி அரித்துக் கசிந்திருக்கிறது.

யார் துடைத்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியில் சாம்பல் நிறத் துணி ஒன்று மடித்துக் காயப்போட்டிருந்தது. அப்படி நாலாக மடித்துக் காயப்போடுகிறவர் அந்தக் கல்லூரியில் ஒருவர்தான், சோதனைக்கூட உதவியாளர் மாதையன்.

வராந்தாவுக்கு ஓடினாள். வாட்ச்மேன் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

"மாதையன் எங்கே?"

"நாலு மணி இண்டூர் பஸ்ஸுக்குப் போயிட்டாரேம்மா. ஏதோ கை சுருக்குங்குதுன்னு சொல்லிக்கிட்டே போனாரு."

குல்ஷன் திரும்பிவந்து, கரும்பலகைக்கு வாங்கி வைத்திருந்த சாக்கட்டிகளைப் பெட்டியோடு கவிழ்த்து நசுக்கி, கசிந்த இடம் முழுக்கக் கொட்டினாள். குப்பியை இடுக்கியால் பிடித்து ஒரு பழைய பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தாள். புத்தக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக் கைப்பையில் திணித்தாள். அறையைப் பூட்டினாள்.

பிரின்சிபால் கிளம்புகிற நேரம். அவள் சொன்னதை நின்றபடியே கேட்டார்.

"துணியால துடைச்சதுக்கா இந்தப் பதட்டம்? கையைக் கழுவியிருப்பான். கொப்புளம் இருந்தா அப்பவே வந்து சொல்லியிருக்க மாட்டானா? நாளைக்கு வரட்டும், கேட்டுக்கலாம்."

"கொப்புளம் வராது சார். அதான் பயமே. கல்லூரி ஜீப் கெடைச்சா..."

"ஜீப் பரீட்சைப் பேப்பரோட சேலம் போயிருக்கு. நீங்க ஆராய்ச்சிக்குன்னு என்னென்னமோ கொண்டு வந்து வெக்கறீங்க, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவள், கடைவீதிக்கு நடந்தாள் என்பதைவிட ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணன் காசிமின் மருந்துக்கடை கடைவீதி முனையில் இருந்தது. அவள் மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"பாய்ஜான், கால்சியம் குளுக்கனேட் ஊசி மருந்து இருக்கா?"

"ஆறு ஆம்பூல் இருக்கு. நஞ்சம்மாள் டாக்டருக்குன்னு எடுத்து வெச்சது. யாருக்கு என்ன ஆச்சு?"

சொன்னாள். அவர் ஆம்பூல்களைப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். எதிர்க்கடை சோடாக்காரரிடம் ஒரு பாளம் ஐஸ் வாங்கி மரத்தூளோடு சாக்கில் கட்டினார். பக்கத்துக் கடைக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

இண்டூர் போகிற வழியெல்லாம் அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் பன்னிரண்டுக்குத் துடைத்திருந்தால் ஐந்தரை மணி நேரம். பதினொன்றுக்கு என்றால் ஆறரை.

மாதையன் வீட்டு வாசலில் ஒரு பானைத் தண்ணீருக்குள் வலது கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. எப்போதும் எதற்கும் சிரித்து, அந்தப் பக்கத்துத் தண்ணீர் கொடுத்த பழுப்புப் பல் தெரியப் பேசுகிறவர். இப்போது உதட்டைக் கடித்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"நீங்க எதுக்குங்கம்மா இம்மாந்தூரம்?"

"கையக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லீங்க. எதுனா பூச்சி கடிச்சிருக்கும். பஸ்ஸுலருந்து எறங்கறப்ப கடுக்க ஆரம்பிச்சுது."

"காட்டுங்க மாதையன்."

காட்டினார். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி வரை, தண்ணீரில் பாதி கரைந்தும் கரையாமலும், சுண்ணாம்பு அப்பியிருந்தது. உள்ளிருந்து வந்த அவர் மனைவி காவேரி, "தேளுக்குப் போடற மாதிரி நாந்தாங்க போட்டேன்," என்றாள். குல்ஷன் தண்ணீர் விட்டு மெதுவாகத் துடைத்துப் பார்த்தாள். புண் இல்லை, கொப்புளம் இல்லை. தோல் மட்டும் வேகவைத்த மாதிரி வெளிறியிருந்தது. நகத்துக்கு அடியில் ரத்தமே இல்லாத வெள்ளை.

"கண்ணாடி மேல இருந்த ஈரத்தத் துடைச்சீங்களா?"

மாதையன் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"குப்பி கசிஞ்சிருந்துதுங்க. உங்க கடல்பஞ்சுக்கு வெச்ச மருந்தாச்சே, மேசையெல்லாம் பாழாவுதேன்னு நகத்தி வெச்சுட்டு ஒரு துடை துடைச்சேன். நான் கொட்டலைங்கம்மா. சத்தியமா நான் கொட்டல. நான் கொட்டுனேன்னு நெனச்சுக்குவீங்கன்னுதான் சொல்லாம வந்தேன். ஜூன்ல நெரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க..."

பேச்சு பாதியில் நின்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவரில் தலையை முட்டுக்கொடுத்தார். "யம்மா," என்று ஒரு சத்தம் வந்தது. அது அவர் குரலாகவே இல்லை.

ஸ்கூட்டரில் இருவர்தான் போக முடியும். குல்ஷன் பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நஞ்சம்மாள் டாக்டருக்கு நாலு வரி எழுதினாள். என்ன அமிலம், எப்போது பட்டது, தோலுக்கு அடியில் கால்சியம் போட வேண்டும். ஐஸ் சாக்கை மாதையன் கையைச் சுற்றிக் கட்டினாள். காசிம் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். இடது கையால் காசிமின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தபடி, மாதையன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பஸ் ஆறரைக்கு. இரண்டு பெண்களும் பஸ் நிற்கிற இடத்தில் புளியமரத்தடியில் நின்றார்கள். காவேரி புடவை மாற்றிக்கொள்ளக்கூட இல்லை. கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "அது என்னா மருந்துங்க?"

"கண்ணாடியக் கரைக்கிற மருந்து."

"கண்ணாடியவா?" காவேரி அவள் முகத்தைப் பார்த்தாள். "அப்ப கை என்னாவும்?"

"உள்ள எலும்புல கால்சியம்னு ஒண்ணு இருக்கு. அதைத் தேடிக்கிட்டுப் போவும். அதைவிட நெறையக் கால்சியத்த நாம ஊசியில குடுத்துட்டா, அதோட முடிஞ்சு நின்னுடும். சீக்கிரம் குடுக்கணும்."

"அவருகிட்ட இதச் சொல்லியிருந்தீங்களா?"

"தொடாதீங்கன்னு சொன்னேன்."

"ஏன்னு சொன்னீங்களா?"

குப்பியில் குல்ஷன் சீட்டு ஒட்டியிருந்தாள். இங்கிலீஷில் ஒட்டியிருந்தாள். மாதையனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. மூன்று வருஷமாக அவளுடைய ஜாடிகளில் சாராயம் குறையக் குறைய ஊற்றிவைக்கிற மனிதர் அவர். எந்த ஜாடி எது என்பதை நிறத்தை வைத்தே சொல்வார். அவருக்குச் சொல்ல ஒரு நிமிஷம் போதுமாயிருந்திருக்கும்.

"சொல்லல," என்றாள்.

காவேரி கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று குல்ஷனுக்கு இருந்தது. பஸ் வந்தபோது ஆறு நாற்பது. உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் வந்தார்கள்.

நஞ்சம்மாள் டாக்டரின் பிரசவ ஆஸ்பத்திரியில் அவர்கள் நுழையும்போது ஏழே கால். உள்ளே காலடி வைத்ததுமே குரல் கேட்டது. காவேரி அப்படியே ஓடினாள். மாதையன் கட்டிலில் புரண்டுகொண்டிருந்தார். காசிம் அவர் கையை ஐஸ் பேசினுக்குள் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். ஆம்பூல்கள் ஆறும் டிரேயில் உடைக்காமல் கிடந்தன.

"இன்னும் போடலையா?" குல்ஷன் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீதான் அந்தச் சீட்டு எழுதினவளா? இந்த மருந்தை நான் ஆயிரம் பேருக்கு நரம்புல போட்டிருக்கேன். விரல் நுனியில, தோலுக்கடியில ஒருத்தருக்கும் போட்டதில்லை. விரல் வீங்கி ரத்த ஓட்டம் நின்னுட்டா நான்தானே பதில் சொல்லணும்? ஒரு காயமும் கண்ணுக்குத் தெரியல. துண்டுச் சீட்டை நம்பி எப்படிப் போடறது? சேலத்துக்கு டிரங்க் கால் போட்டு முக்கால் மணி நேரமாச்சு, லைன் கெடைக்கல."

குல்ஷன் கைப்பையைத் திறந்தாள். புத்தகம் அதற்குள்தான் இருந்தது. அமிலத்தைப் பற்றிய பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், விபத்து நேர்ந்தால் என்ன செய்வதென்று எட்டு வரி. அதை அண்ணனிடம் கொடுத்தனுப்ப அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு மணி நேரம் அது அவளோடு மரத்தடியில் நின்று, பஸ்ஸில் வந்திருக்கிறது.

டாக்டர் வெளிச்சத்துக்குக் கீழே பிடித்து இரண்டு தடவை படித்தார். பிறகு ஊசியை எடுத்தார்.

"மரத்துப்போற ஊசி போட்டுட்டுப் போடக் கூடாதா டாக்டர்?" என்று காசிம் கேட்டார்.

"கூடாதாம். வலி நின்னாத்தான் மருந்து போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரியும். மரத்துப்போனா எப்படித் தெரியும்? கையைப் பிடிங்க."

காசிம் தோளைப் பிடித்தார். குல்ஷன் மணிக்கட்டைப் பிடித்தாள். காவேரி அவர் தலையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். நடுவிரலில் முதல் ஊசி இறங்கியதும் மாதையனின் உடம்பு வில்லாக வளைந்தது. இரண்டாவது ஊசி. "எப்படி இருக்கு?" என்றார் டாக்டர். தலையை ஆட்டினார், இல்லை என்று. மூன்றாவதற்கப்புறம் அவர் அலறவில்லை.

"இந்த வெரல்ல... நின்னுடுச்சுங்க," என்றார்.

ஆள்காட்டி விரல் மட்டும் அடங்கவில்லை. நகத்துக்கு அடியில் ஊசி எட்டாது. டாக்டர் நகத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றார். எடுத்தார். அப்போது மட்டும் குல்ஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிடியை விடவில்லை. ஐந்தாவது ஆம்பூல் பாதி போனபோது அவர் கை அவளுடைய பிடிக்குள் மெல்லத் தளர்ந்தது. "கொஞ்சம் தேவலைங்க," என்றார். அப்படியே கண் சொருகித் தூங்கிப்போனார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே காவேரியைப் பார்த்து, "சுண்ணாம்பு போட்டது நீயா? நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. போட்டதுல தப்பில்லை," என்றார். பிறகு குல்ஷனிடம், "ஆள்காட்டி விரல் நுனி பிழைக்குமான்னு சந்தேகந்தான். அந்த ஒரு மணி நேரம் முன்னாடி போட்டிருந்தா பிழைச்சிருக்குமோ என்னமோ. பாதி என்மேல, பாதி உன்மேல," என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அது குல்ஷனுக்கு உள்ளே போய்த் தங்கிவிட்டது.

நடுவிரல் பிழைத்தது. ஆள்காட்டி விரலின் நுனி பத்து நாளில் கறுத்துப்போய், சேலத்தில் முதல் கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

அதற்குள் கல்லூரியில் காகிதம் தயாராகியிருந்தது. பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'எச்சரிக்கையையும் மீறி உதவியாளர் தானாகவே அமிலக் குப்பியைத் தொட்டார்' என்று டைப் அடித்திருந்தது. கீழே மாதையனின் இடது கைப் பெருவிரல் ரேகை.

"அவனே ஒத்துக்கிட்டான். நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. உங்களுக்கும் நல்லது, அவனுக்கும் வேலை நிலைக்கும்."

"இது நெசம் இல்லை சார்."

"நெசத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

அவள் வேறொரு தாள் கேட்டு வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். குப்பியை வெயிலில் வைத்தது தான்; சீட்டை அவருக்குத் தெரியாத மொழியில் ஒட்டியது தான்; ஆபத்து என்னவென்று தனக்குச் சொல்லப்பட்டிருந்தும் அவருக்குச் சொல்லாமல் விட்டது தான். பட்டம், வேலை இரண்டுமே போகலாம் என்று தெரிந்துதான் எழுதினாள்.

வேலை போகவில்லை. மெமோ வந்தது. அறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த அமிலம் இனி கல்லூரி வளாகத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. மாதையனுக்கு ஜூனில் நிரந்தரமாகவில்லை. அடுத்த வருஷம்தான் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் காவேரி அவளை எங்கே பார்த்தாலும் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள்.

சவுரியப்பன் கடிதம் எழுதினார். மெட்ராஸுக்கே வந்துவிடு, இங்கே என் கூடத்தில் அமிலம் வைத்து முடித்துக்கொள், ஆறு மாத வேலைதான் என்று. அவள் நாலு நாள் யோசித்தாள். கடற்பஞ்சிலேயே கண்ணாடி ஊசி இல்லாத வகை உண்டு. அதன் உடம்பை நிறுத்துவது நார் மட்டும்தான். அந்த நாரைச் சுரப்பதற்கும் தனிச் செல்கள் உண்டு. அதை எடுத்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டாள். இரண்டு வருஷ வேலையைக் குப்பையில் போடுகிறாயா என்று அவர் கோபித்துக்கொண்டார். பிறகு பாதி மனசோடு ஒத்துக்கொண்டார்.

மறுபடி மண்டபம், மறுபடி ஜாடிகள். இந்தத் தடவை வகுப்புக் கூடத்தின் மூலையில் ஒரு மேசைதான் கிடைத்தது. நார் வேறு விதமாகப் படுத்தியது. கத்திக்கு அடியில் சுருண்டுகொண்டது, சீவலை இழுத்துக்கொண்டு போனது. மின்சாரம் போய் மெழுகு உறைந்துபோன நாட்கள் எத்தனையோ. 1974 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், கல்லூரி வெறிச்சோடிக் கிடந்த ஒரு காலை வேளையில், சாயம் ஏற்றிய ஒரு சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகை மெல்லத் திருப்பினாள்.

நாரின் விளிம்பை ஒட்டி அவை வரிசையாக நின்றன. நீளநீளமான செல்கள், தோளோடு தோள் உரசிக்கொண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் மணிகள். சிலவற்றில் மணிகள் நாரின் பக்கமாக ஒதுங்கி, வாசலுக்கு வந்து நின்றிருந்தன. ஒன்றில் பாதி வெளியே வந்து நாரோடு சேர்ந்துகொண்டிருந்தது. எங்கும் கிழிசல் இல்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வராந்தாவில் மாதையன் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"மாதையன், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். மேசைக்கு ஓரடி தள்ளியே நின்றார். அங்கிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதுல எதுங்கம்மா கெட்டது?"

குல்ஷன் எழுந்து ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொன்னாள். இது சாராயம், தீப்பிடிக்கும். இது சாயம், கையில் பட்டால் போகாது, வேறொன்றும் செய்யாது. இது பார்மலின், கண் எரியும், முகர்ந்து பார்க்கக் கூடாது. அவர் கடைசிப் பாட்டில் வரை கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

"என்னமோ கறுப்பா மயிராட்டம் தெரியுதுங்க."

"அது உங்க இமை. கொஞ்சம் பின்னால வாங்க."

கொஞ்சம் பின்னால் வந்தார். வெகுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரிசையா நிக்குதே," என்றார். "இதுங்க என்னா பண்ணுதுங்க?"

அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.